இளையோர் மனநல மையம்: ஆலோசகருக்கு முழு மதிப்பெண், அலுவலகத்துக்கு இல்லை

உள்ளாட்சி நடத்தும் இந்த இலவச மையத்துக்கு என் 15 வயது மகளை அழைத்துப் போய்வருகிறேன். ஆலோசகர் அருமையானவர். அறைக்குள் நுழைந்ததும் நான் கதையை ஆரம்பித்தேன். அவரோ அவளிடம், "அப்பா உள்ளே இருக்கட்டுமா, வெளியே இருக்கட்டுமா? நீயே சொல்லும்மா" என்றார். வெளியே என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் வீட்டில் மாதக்கணக்கில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவள், அங்கே ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். அவள் சொல்வதை என்னிடம் சொல்ல மாட்டார், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. இதை இருவரையும் வைத்துக்கொண்டே தெளிவுபடுத்திவிட்டார். எடுத்த எடுப்பில் நோய்ப்பெயர் சூட்டவில்லை. தூக்கம், சாப்பாடு, பள்ளி, தோழிகள் என்றுதான் விசாரித்தாராம்.

வரவேற்பு மேசைதான் கோளாறு. வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம். முன்னால் வந்த பிள்ளை எழுதியது அப்படியே கண்ணில் படுகிறது. என் மகள் யோசித்துவிட்டு 'காய்ச்சல்' என்று எழுதினாள்.

நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து. பள்ளிப் பிள்ளைகளுக்கான மையம், பெரும்பாலும் பள்ளி நேரத்தில்! 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே ஆலோசகர் ஒரே ஒருவர். முதல் சந்திப்பு சீக்கிரம் கிடைத்தது, அடுத்ததற்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம்.

சுவரில் ஒட்டியிருக்கும் கொள்கை அறிக்கையை முழுவதும் படித்தேன் (வேறு வேலை?). விளையாட்டுத் திடல், நூலகம், பயமில்லாமல் நடக்கச் சாலை எல்லாமே மனநலம் சார்ந்தவை என்கிறது. நூற்றுக்கு நூறு சரி. ஆலோசனை அறை வரை பிள்ளை வராமல் காக்க உள்ளாட்சியின் கையில் இருப்பவை அவைதான். ஆனால் திடலைப் பள்ளி விடும் நேரத்தில் பூட்டுவதும் இதே உள்ளாட்சிதான்.

இன்னொன்று, 18 முடிந்ததும் சேவை நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் என்ற இளையோர் மனநல மையங்கள் 12 முதல் 25 வயது வரை பார்க்கின்றன. கல்லூரி, வேலை, வீட்டைவிட்டுப் பிரிதல் என்று எல்லாம் ஒன்றாக வரும் வயதில் கையை விடுவது என்ன கணக்கோ!

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் ஆலோசகருக்கு. போகிறவர்கள் அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். நாளின் கடைசி வேளையை ஒதுக்கித் தருகிறார், பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.