வீட்டில் கட்டும் லூப் ஆன்டெனாவுக்கான கிட்: மின்தேக்கி நன்று, வளையம் போதாது

நீண்ட கம்பி கட்ட இடமில்லாத அமெச்சூர் வானொலியாளர்களுக்கென்று சிறு காந்த லூப் ஆன்டெனா கிட்கள் இப்போது பல உற்பத்தியாளர்களிடமிருந்து, ஏறத்தாழ ஒரே அமைப்பில் வருகின்றன. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அரை அலை டைபோல் (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள நேர்க்கம்பி ஆன்டெனா) கட்ட 20 மீட்டர் கம்பியும் அதைத் தாங்க இரண்டு உயரமான முனைகளும் தேவைப்படும் இடத்தில், ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையம் முக்காலி ஒன்றின்மேல் நின்றுவிடும் என்பதே இவற்றின் கவர்ச்சி. நான் வாங்கிய கிட் அந்த ரகத்தைச் சேர்ந்தது. தயாரிப்பாளரின் பெயரை இங்கே தவிர்த்துவிடுகிறேன். குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, இந்த அமைப்புக்கே உரியவை.

பெட்டியில் இருந்தவை: 15 முதல் 180 பிக்கோஃபாரட் வரை மாறும் பட்டர்ஃபிளை வகை மின்தேக்கி, அதன் தண்டோடு இணைந்த 6:1 சுழற்சிக் குறைப்பான், தடித்த கோஆக்சியல் கேபிளால் (நடுக் கம்பியைச் சுற்றிப் பின்னல் உறை கொண்டது) ஆன 3.14 மீட்டர் முதன்மை வளையம், வானொலியின் ஆற்றலை முதன்மை வளையத்துக்குக் கடத்தும் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஊட்டு வளையம், பிளாஸ்டிக் சட்டம், இரண்டு பக்கத் துண்டறிக்கை. இவற்றில், வளையத்தை வேண்டிய அதிர்வெண்ணுக்கு இசைக்கும் மின்தேக்கிதான் கிட்டின் உயிர். அதைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தைகள் இருக்கின்றன.

சாதாரண மாறு மின்தேக்கியில் சுழலும் தகடுகளுக்கு மின்னோட்டம் ஓர் உரசு தொடுமுனை வழியாகவே போக வேண்டும். லூப் ஆன்டெனாவின் மொத்த மின்தடையே ஓர் ஓமில் சிறு பகுதிதான் என்பதால், அந்தத் தொடுமுனையில் இழக்கப்படும் சில பத்து மில்லிஓம் கூட ஆன்டெனாவின் திறனை, அதாவது செலுத்தும் ஆற்றலில் அலையாக வெளியேறும் பங்கை, பெருமளவு விழுங்கிவிடும். பட்டர்ஃபிளை அமைப்பில் வளையத்தின் இரு முனைகளும் இரண்டு நிலைத் தகட்டுத் தொகுதிகளோடு இணைகின்றன; சுழலும் தகடு அவற்றுக்கு நடுவே எதனோடும் தொடாமல் மிதக்கிறது. உரசும் இடமே இல்லை. இரண்டு காற்றிடைவெளிகள் தொடராக அமைவதால் தாங்கும் மின்னழுத்தமும் இரட்டிப்பாகிறது. கிட்டில் வந்த மின்தேக்கியின் தகடுகள் ஒழுங்கான 1 மில்லிமீட்டர் இடைவெளியில், விளிம்புகள் மழுங்கத் தேய்க்கப்பட்டு, அசைவின்றி அமைந்திருக்கின்றன. இதை வீட்டுக் கைக்கருவிகளால் இவ்வளவு சீராகச் செய்வது கடினம்.

முதன்மை வளையத்தில்தான் தயாரிப்பாளர் கைவைத்திருக்கிறார். கேபிளை மடக்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்ற வசதிக்காகக் கோஆக்சியல் கேபிளின் பின்னல் உறையையே வளையமாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த உறையின் விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பில் மட்டுமே ஓடுவதால், கடத்தி தடிமனாக இருக்க இருக்க இழப்பு குறையும். 14.1 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் விட்ட வளையத்தின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் தடை, 0.094 ஓம். அந்த அதிர்வெண்ணில், மழமழப்பான செம்பு என்று வைத்துக்கொண்டாலும் 8 மில்லிமீட்டர் கடத்தியின் இழப்புத் தடை 0.12 ஓமுக்கு மேல் வருகிறது. பின்னல் என்பதால் உண்மை இதைவிட மோசமாகவே இருக்கும். ஆக, செலுத்தும் ஆற்றலில் பாதிக்கும் மேல் கேபிளைச் சூடாக்கவே போகிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் கடுமை. கதிர்வீச்சுத் தடை அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கில் குறைவதால் அது 0.006 ஓமுக்கு இறங்கிவிடுகிறது, கேபிளின் இழப்போ 0.087 ஓமில் நிற்கிறது. கடத்தியை மட்டும் கணக்கில் எடுத்தாலே திறன் 7 விழுக்காட்டைத் தொடவில்லை.

இத்துடன் கேபிளின் இரு முனைகளிலும் நிக்கல் பூசிய திருகு இணைப்பிகள் வேறு இருக்கின்றன. நிக்கல் காந்தத்தன்மை உடைய உலோகம் என்பதால் உயர் அதிர்வெண்ணில் அதன் மேற்பரப்புத் தடை செம்பைவிட மிக அதிகம். திருகி மாட்டும் வசதிக்காக இந்த இடத்தில் இழப்பைச் சேர்த்திருப்பதற்குப் பதில், செம்புத் தகட்டை மின்தேக்கியில் நேரடியாகப் போல்ட் வைத்து இறுக்கியிருக்கலாம்.

எனவே கேபிளை ஒதுக்கிவிட்டு, 22 மில்லிமீட்டர் செம்புக் குழாயால் வளையத்தைக் கட்டினேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடத்தி தடித்தால் இழப்பு குறைவதோடு வளையத்தின் மின்தூண்டமும் குறைகிறது; அது குறைந்தால் அதே அதிர்வெண்ணுக்கு இசைக்க அதிக மின்தேக்கம் வேண்டும். ஒரு மீட்டர் கேபிள் வளையத்துக்கு ஏறத்தாழ 3.1 மைக்ரோஹென்றி என்றால், அதே விட்டத்தில் குழாய் வளையத்துக்கு 2.45 மைக்ரோஹென்றிதான். அப்போது 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு பெற 205 பிக்கோஃபாரட் வேண்டும்; கிட்டின் மின்தேக்கி 180-லேயே முடிந்துவிடுகிறது. அதாவது, குழாய்க்கு மாறியவருக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுதாகக் கை நழுவிவிடும். இணையாக நிலை மின்தேக்கி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. ஆனால் அத்தனை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இழப்பின்றித் தாங்கும் நிலை மின்தேக்கி கிடைப்பது எளிதல்ல. வளையத்தின் விட்டத்தை 1.2 மீட்டராகப் பெருக்குவதே சிறந்த வழி. மின்தூண்டம் பழையபடி 3.1 மைக்ரோஹென்றிக்கு வந்துவிடுகிறது, கிட்டின் மின்தேக்கி 7-ஐயும் 14-ஐயும் சிரமமின்றி எட்டுகிறது.

விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது என்றாலும், கதிர்வீச்சுத் தடை பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் 0.0125 ஓம் கதிர்வீச்சுத் தடைக்கு எதிரே குழாயின் இழப்பு 0.038 ஓம், கடத்தியை மட்டும் பார்த்தால் திறன் 25 விழுக்காடு. கிட்டின் கேபிளோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 6 டெசிபல், அதாவது எதிர்முனையில் கேட்பவரின் மீட்டரில் ஓர் எஸ் அலகு (குறிகை வலிமையின் ஒரு படி). அனுப்பியின் ஆற்றலை நான்கு மடங்காக்கினால் கிடைக்கும் பலன் அது. 14 மெகாஹெர்ட்ஸில் ஆதாயம் 2.5 டெசிபல் அளவுக்குத்தான். 21 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் இந்த வளையத்தின் சுற்றளவு கால் அலைநீளத்தைத் தாண்டிவிடுகிறது, தேவையான மின்தேக்கமும் மின்தேக்கியின் கீழ் எல்லையை ஒட்டி விழுகிறது. அந்த அலைவரிசையை முக்கியமாகக் கருதுபவர்கள் சிறிய இரண்டாவது வளையம் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

குழாயை வளைப்பது பற்றி ஒரு சொல். வளைக்குமுன் உலர்ந்த மணலை இறுக நிரப்பி இரு முனைகளையும் அடைத்துக்கொண்டால் குழாய் நடுவில் ஒடுங்காது. வட்டமாக வளைக்க வராதவர்கள் எட்டு நேர்த் துண்டுகளை 45 பாகை முழங்கைகளால் இணைத்து எண்கோணமாக்கலாம். அதே சுற்றளவுக்குப் பரப்பு 5 விழுக்காடு அளவே குறையும். எல்லா இணைப்புகளையும் சுற்றிலும் ஈயம் பாயும்படி நன்றாகப் பற்றவைக்க வேண்டும். அழுத்தி மாட்டிய இணைப்பு முதலில் நன்றாகவே வேலை செய்யும், செம்பு கறுக்கத் தொடங்கியதும் காலை வாரிவிடும்.

இசைப்பதற்கு வருவோம். கிட்டின் மிகப் பெரிய எரிச்சல் இதுதான். இந்த வளையம் 7.1 மெகாஹெர்ட்ஸில் தரும் அலைப்பட்டை அகலம் (மறுபடி இசைக்காமல் இயங்கும் அதிர்வெண் வீச்சு) 7 கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான், 14.1-இல் 28 கிலோஹெர்ட்ஸ் அளவு. பட்டர்ஃபிளை மின்தேக்கி தன் முழு வீச்சையும் 90 பாகைச் சுழற்சிக்குள் முடித்துவிடும். 6:1 குறைப்பானோடு கணக்கிட்டால், குமிழை ஒரு பாகை திருப்பினால் 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸும், 14-இல் சுமார் 50 கிலோஹெர்ட்ஸும் நகர்ந்துவிடும். ஒரு பாகைக்குள் ஆன்டெனாவே தொலைந்துபோகிறது. 14-இல் மூச்சை அடக்கிக்கொண்டு திருப்ப வேண்டியிருக்கிறது. போதாததற்குக் குமிழ் உலோகத் தண்டில், மின்தேக்கிக்கு மிக அருகில் அமைந்திருப்பதால், இசைத்து முடித்துக் கையை எடுத்ததும் இசைவு விலகிவிடுகிறது. பிளாஸ்டிக் தண்டால் ஓர் அடியாவது நீட்டி, இன்னொரு குறைப்பானைத் தொடராகச் சேர்த்த பிறகே இது பயன்படுத்தக்கூடியதாயிற்று. மெதுவாகச் சுழலும் கியர் மோட்டார் ஒன்றைப் பொருத்திவிட்டால் தொலைவிலிருந்தே இசைக்கலாம். எப்படியும் அனுப்பும்போது அருகில் நிற்கக் கூடாது என்பதால் அதுவே முறையான தீர்வு.

இசைக்கும் வரிசையைத் துண்டறிக்கை தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்பதைப் பாராட்ட வேண்டும். முதலில் கேட்கும் நிலையில் வைத்து, இரைச்சல் திடீரென்று உயரும் இடம்வரை மின்தேக்கியைத் திருப்ப வேண்டும்; பிறகு மிகக் குறைந்த ஆற்றலில் அனுப்பி எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் ஆற்றலைக் காட்டும் விகிதம்; 1 என்பதே சிறந்தது) மீட்டரைப் பார்த்து நுணுக்கமாகத் திருத்த வேண்டும். நானோவிஎன்ஏ போன்ற ஆன்டெனா அளவிடும் கருவி கையில் இருந்தால் அனுப்பாமலேயே எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும் பள்ளத்தைத் திரையில் பார்த்துவிடலாம். ஊட்டு வளையம் முதன்மை வளையத்தின் ஐந்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி; 1.2 மீட்டருக்கு 24 சென்டிமீட்டர் ஆகிறது. கிட்டின் 20 சென்டிமீட்டர் வளையத்தைக் குழாயோடு நெருக்கி வைத்ததில் இரண்டு அலைவரிசைகளிலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குக் கீழே வந்துவிட்டதால் அதை மாற்றவில்லை.

துண்டறிக்கையின் மற்ற இரண்டு கூற்றுகளை அப்படியே ஏற்க முடியாது. காந்தப் புலத்தை மட்டும் ஏற்பதால் இரைச்சல் அடங்கிவிடும் என்கிறது ஒன்று. அருகிலுள்ள எல்.இ.டி. விளக்கின் இரைச்சல் குறைந்தது உண்மை; ஆனால் அது குறைந்தது வளையத்தைத் திருப்பி, அதன் தளத்துக்குச் செங்குத்தான செவிட்டுத் திசையை (ஆன்டெனா மிகக் குறைவாகக் கேட்கும் திசையை) விளக்கின் பக்கம் வைத்தபோதுதான். திருப்ப முடியாதபடி நிலையாகக் கட்டியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்காது. கட்டும்போதே அடியில் சுழலும் தாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 100 வாட் தாங்கும் என்ற கூற்று. குழாய் வளையத்தில் 10 வாட் செலுத்தும்போதே மின்தேக்கியின் குறுக்கே உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 2,300 வோல்ட் ஆகிறது. மின்னழுத்தம் ஆற்றலின் வர்க்கமூலத்தில் ஏறும் என்பதால் 100 வாட்டில் அது 7,000 வோல்ட்டைத் தாண்டும். காற்று ஒரு மில்லிமீட்டருக்குத் தாங்குவது பொதுவாக 3,000 வோல்ட் என்று கொண்டால், தொடராக உள்ள இரு இடைவெளிகள் 6,000 வரைதான் போகும்; தூசும் ஈரமும் சேர்ந்தால் அதுவும் இல்லை. இழப்பு மிகுந்த கேபிள் வளையத்தோடு சோதித்துவிட்டு 100 என்று அச்சிட்டிருக்கலாம், ஏனென்றால் இழப்பு கூடினால் மின்னழுத்தம் குறையும். வளையத்தைச் செம்மைப்படுத்தியவர் 20 வாட்டில் நிற்பதே நல்லது. எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளுக்கும் மோர்ஸுக்கும் அது தாராளம்.

எச்சரிக்கை வாசகம் ஒன்றுகூட அறிக்கையில் இல்லை என்பதை மன்னிக்க முடியவில்லை. 10 வாட்டில், 7 மெகாஹெர்ட்ஸில், இந்தக் குழாயில் ஓடுவது சுமார் 12 ஆம்பியர். அனுப்பும்போது மின்தேக்கியைத் தொட்டால் உயர் அதிர்வெண் மின்சாரம் தோலைச் சுட்டு ஆழமான புண்ணாக்கும். வளையத்தை ஒட்டிய காந்தப் புலமும் வலிமையானது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதை நிறுத்தக் கூடாது. இயக்குபவரும் சில மீட்டர் விலகி அமர வேண்டும். மின்தேக்கியை மழை படாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் ஈரத்துக்கும் கைக்கும் ஒருசேரத் தடையாகும். அந்தப் பெட்டியும் கிட்டில் வரவில்லை, நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.