போர்ச்சுகல் போகிறவர்களுக்கு ‘பிராக்டிஸ் போர்ச்சுகீஸ்’

பிரபலமான ஆப்கள் பலவும் சொல்லித்தருவது பிரேசில் போர்ச்சுகீஸ். பஸ்ஸுக்கு ‘ஓனிபுஸ்’ என்று படித்துக்கொண்டு லிஸ்பனில் இறங்கினால், இங்கே அது ‘அவ்டோகாரு’. ‘பிராக்டிஸ் போர்ச்சுகீஸ்’ என்ற ஆப் போர்ச்சுகல் பேச்சுக்கென்றே செய்தது. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்; நமக்குச் சிரமமில்லை.

குட்டி உரையாடல்கள்தான் இதன் சரக்கே. இங்குள்ளவர்கள் உயிரெழுத்தை விழுங்கிப் பேசுவார்கள்: எழுத்தில் ‘எஸ்தோ’, வாயில் ‘ஷ்தோ’. ஒலியைக் கேட்டபடியே எழுத்து வடிவத்தையும் பார்த்தால்தான் காது பழகும். காபிக்கடையில் ‘உமா பிக்கா, ஃபஷவோர்’ (ஒரு காபி, ப்ளீஸ்) என்றேன். கடைக்காரம்மா ஆங்கிலத்துக்கு மாறாமல் காபியை நீட்டினார். அப்புறம் என்ன வேண்டும்!

முழுவதும் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். சும்மா சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இலவசப் பகுதியே தாராளம்.