தரையா, நாற்காலியா, நின்றபடியா: லேப்டாப் வேலைக்கு எது தோது?

வீட்டிலிருந்து லேப்டாப்பில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர் முன் மூன்று வழிகள். தரையில் சம்மணம், நாற்காலி மேசை, அப்புறம் இப்போது விலைக்கு வந்திருக்கும் நின்று வேலை செய்யும் மேசை. என் ஓட்டு நாற்காலிக்குத்தான், அதுவும் சாதாரண நாற்காலிக்கு.

தரைக்கு நம்மிடம் தனி மதிப்பு உண்டு. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிச் சோதித்தார்கள். கை, முழங்காலை ஊன்றாமல் எழ முடியாதவர்களிடையே பிந்தைய ஆண்டுகளில் இறப்பு அதிகம் என்று 2012-இல் முடிவு வெளியானது. இதைச் சம்மணத்துக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. சோதனை பார்த்தது கால் வலுவையும் சமநிலையையும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், எழுந்து பழகுங்கள், நல்லது. அதற்காக அங்கேயே எட்டு மணி நேரமா? சாய்மானம் இல்லாவிட்டால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு வளையும், மடியில் இருக்கும் திரையை நோக்கித் தலை கவிழும். மடித்த போர்வைமேல் உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது.

நிற்கும் மேசையை வாங்குபவர்கள் பலரும் எடை குறையும் என்று நினைக்கிறார்கள். உட்கார்வதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்குச் சுமார் 0.15 கலோரிதான் கூடுதல் செலவு. ஒரு மணி நேரம் நின்றாலும் கால் இட்லி கரையாது. நாள் முழுக்க நின்றால் என்ன ஆகும் என்பதைத் துணிக்கடை ஊழியர்களிடம் கேட்டால் தெரியும்: கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், குதிகால் வலி. அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வசதி இருந்தால் வாங்கலாம், இடையிடையே நிற்பதற்கு மட்டும்.

சரி, நாற்காலி. உட்கார்ந்தால் முதுகெலும்பு வட்டுகளில், அதாவது எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகளில், அழுத்தம் கூடும் என்று ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் அளந்து சொன்னதிலிருந்து அதற்குக் கெட்ட பெயர். 1999-இல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒருவரின் வட்டுக்குள்ளேயே கருவி பொருத்தி அளந்தார்கள். நிற்கையில் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல், சாயாமல் உட்கார்ந்தபோது 0.46. நாற்காலியில் சரிந்து சாய்ந்தபோது இன்னும் குறைவு! ஒரே ஆளிடம் எடுத்த அளவுதான். ஆனாலும் விறைப்பாக நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்தலாம்.

நாற்காலியில் உண்மையான சிக்கல் லேப்டாப்தான். விசைப்பலகை கைக்கு வசதியாக இருந்தால் திரை தாழ்ந்துவிடும், திரையை உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். நாலு தடிப் புத்தகங்கள்மேல் அதை ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். ஆயிரம் ரூபாய்க்குள் தனி விசைப்பலகை, மவுஸ் கிடைக்கும். பாதம் தரையில் படியாவிட்டால் கீழே ஒரு பலகை. அரை மணிக்கொரு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம், போனில் பேசும்போது நடக்கலாம்.

வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ நாற்காலியை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.