மணிக்கணக்கா, பாட்டுக்கணக்கா? தனியாகத் தொழில் செய்யும் சவுண்ட் இன்ஜினியரின் ரேட்டும் கிளையன்டும்

மிக்ஸிங்குக்கு, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகச் சேர்க்கும் வேலைக்கு, எவ்வளவு வாங்கலாம் என்று கேட்பவர்கள் ஒரு தொகையை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். தொகை அப்புறம். எந்தக் கணக்கில் வாங்குவது என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும்: மணிக்கா, பாட்டுக்கா, நாளுக்கா, முடிந்து வெளியே போகும் நிமிடத்துக்கா, இல்லை பின்னால் வரப்போகும் ராயல்டியில் பங்கா. வேலை இழுத்துக்கொண்டே போனால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. கணக்கு மாறினால் அதே தொகை லாபமாகவும் இருக்கும், கையைக் கடிக்கவும் செய்யும்.

எப்படி வாங்கினாலும் உள்ளுக்குள் ஒரு மணிக்கூலி தெரிந்திருக்க வேண்டும். வருடத்தில் 48 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்தால் 1920 மணி வருகிறது. மெயிலுக்குப் பதில் போடுவது, ஃபைல் இறக்குவது, பேக்கப், பாக்கியைக் கேட்டுத் துரத்துவது, கோட்டேஷன் கொடுத்தும் வராமல் போன வேலைகள் எல்லாம் போக, காசுக்குச் செய்யும் நேரம் பாதி தேறினால் நல்லது. ஆக 960. குடும்பச் செலவு, இடத்து வாடகை, பிளகின் (ஒலி மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) சந்தா, ஹார்ட் டிஸ்க், ரிப்பேர், வரி, அவசரத்துக்கு ஒதுக்குவது எல்லாவற்றையும் கூட்டி 960-ஆல் வகுத்தால் வருவதுதான் அடிமட்டக் கூலி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நண்பரின் மணிக்கூலியை எடுத்துக்கொண்டு அதை ஒட்டியே ஒரு ரேட் சொல்கிறார்கள். அந்த நண்பருக்கு 1920 மணிக்கும் சம்பளம் வருகிறது, மைக்கும் கம்பெனியுடையது.

இந்த எண்ணைக் கிளையன்டிடம் காட்ட வேண்டியதில்லை. எந்த வேலையை விட்டுவிடலாம் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் அது.

மணிக்கணக்கும் பாட்டுக்கணக்கும்

மணிக்கணக்கு கேட்க நியாயமாக இருக்கும். செய்த நேரத்துக்குக் காசு; கிளையன்ட் மனசு மாறினால் அவருக்குத்தான் செலவு. ஆனால் அதில் இரண்டு சிக்கல். ஒன்று, கிளையன்ட் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார். இன்னொரு டேக் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கக்கூடத் தயங்குவார், பாட்டு பாதியில் நின்றுவிடும். இரண்டாவது, நீங்கள் தேறத் தேற வருமானம் குறையும். முன்பு எட்டு மணி நேரம் பிடித்த மிக்ஸ் இப்போது ஐந்தில் முடிகிறது என்றால், அந்த மூன்று மணி நேரக் கூலி உங்கள் கையை விட்டுப் போகிறது. ரேட்டை ஏற்றிச் சமன் செய்யலாம்தான், ஆனால் கிளையன்ட் கண்ணுக்கு மணிக்கு எவ்வளவு என்பதுதான் தெரியும், எத்தனை மணி என்பது தெரியாது.

பாட்டுக்கு இவ்வளவு என்று பேசினால் இது தலைகீழாகிறது. கிளையன்டுக்கு நிம்மதி, உங்கள் வேகம் உங்களுக்கே லாபம். ஆனால் இழுபறி முழுவதும் உங்கள் தலையில். அந்த இழுபறி எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்க்கலாம். ஒரு பாட்டுக்கு ஃபைல் வருகிறது. திறந்தால் 38 டிராக்; பாதிக்குப் பெயர் ‘ஆடியோ 07’, ‘ஆடியோ 07 காப்பி’. ‘வோக்கல் ஃபைனல்’, ‘வோக்கல் ஃபைனல் நியூ’, ‘வோக்கல் நியூ யூஸ் திஸ்’ என்று மூன்று குரல்; மூன்றும் வேறு வேறு டேக். சில டிராக் பாட்டின் தொடக்கத்திலிருந்து ஏற்றுமதி ஆகியிருக்கிறது, சில அந்தந்த இடத்திலிருந்து மட்டும். எது எங்கே உட்காரும் என்று காதால் தேடித்தான் வைக்க வேண்டும். கிக் டிரம்முக்கு இரண்டு மைக், ஒன்றுக்கொன்று ஃபேஸ் மாறிக் கிடக்கும், அதாவது ஒன்றின் ஒலி அலை மற்றதைத் தின்றுவிடும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடுவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும். அதன் பிறகு கிளையன்ட் கேட்பார், ‘பிட்ச் கரெக்ஷன் (சுருதி திருத்துவது) எல்லாம் மிக்ஸிங்கிலேயே வரும் இல்லையா?’

வராது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாட்டுக்கணக்கில் ரேட் பேசுவது என்றால், எது அந்த ரேட்டுக்குள், எது வெளியே என்று பேசுவதுதான். டிராக் சீர்செய்வது, டைமிங் எடிட், குரல் டியூன் செய்வது மூன்றும் மிக்ஸிங் இல்லை, எடிட்டிங். எத்தனை மணி ஆகும் என்று ஃபைலைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அதனால் என் முடிவு, எடிட்டிங்குக்கு மணிக்கணக்கு, அதுவும் ‘இத்தனை மணியைத் தாண்டினால் கேட்டுவிட்டுத்தான் தொடர்வேன்’ என்ற உச்சவரம்போடு. மிக்ஸிங்குக்குப் பாட்டுக்கணக்கு, ரிவிஷன் (கேட்டுவிட்டுச் சொல்லும் திருத்தச் சுற்று) எண்ணிக்கையோடு.

ரிவிஷனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்டுக்கணக்கு கவிழ்வது அங்கேதான். இரண்டு அல்லது மூன்று ரிவிஷன் என்று எழுதிவிட்டால் போதாது. எது ஒரு ரிவிஷன்? கிதார் வாசிப்பவர் திங்கட்கிழமை ‘குரலை ஒரு பொடி ஏற்றுங்கள்’ என்கிறார். பாடகர் புதன்கிழமை ‘குரல் தனியாகத் துருத்துகிறது’ என்கிறார். இரண்டும் ஒரே குழு. எல்லாரும் கேட்டு, பேசி முடித்து, ஒரே ஆள் மூலம், நிமிடம் வினாடி குறித்து ஒரே பட்டியலாக வருவதுதான் ஒரு ரிவிஷன் என்று கோட்டேஷனிலேயே இருக்கட்டும். புதிதாக ஒரு ஹார்மனி பாடி அனுப்பினால் அது ரிவிஷன் கிடையாது, புது வேலை.

முடிவை அளக்க முடிகிற வேலைகள்

ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட், ஒளிபரப்புக்கான ஆடியோ ஆகியவற்றில் கதை வேறு. இங்கே வேலை முடிந்ததா என்பதை மீட்டரே சொல்லிவிடும். ஒலிப்புத்தகம் வெளியிட உதவும் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது ஆர்எம்எஸ் அளவு (சராசரி ஒலி மட்டம்) −23-க்கும் −18 டெசிபலுக்கும் நடுவில், உச்சம் −3 டெசிபலைத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் −60-க்குக் கீழே. ஐரோப்பிய ஒளிபரப்பு அமைப்பின் ஆர்128 விதி −23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கேட்கிறது. ஃபைல் இந்த எல்லைக்குள் நிற்கும் அல்லது நிற்காது. ‘இன்னும் கொஞ்சம் உயிரோட்டம் வேண்டும்’ என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அதனால் இங்கே முடிந்த ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரே எச்சரிக்கை, ‘முடிந்த’ என்ற சொல். மூன்று மணி நேரம் பேசிவிட்டு நாற்பது நிமிடமாக வெட்டித் தரச் சொல்லும் பாட்காஸ்ட்காரரிடம் முடிந்த நிமிடக் கணக்கு பேசினால் அடிமாட்டு விலை. அவரிடம் பதிவான நிமிடத்துக்குத்தான் பேச வேண்டும். முழுசாக ஒருமுறை கேட்கவே மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறதே! ஏசி இரைச்சல், அறையின் எதிரொலி உள்ள பதிவா என்று ஐந்து நிமிட மாதிரி வாங்கிக் கேட்டுவிட்டே ரேட் சொல்லுங்கள்.

வாரம் ஒரு எபிசோடு வருகிற பாட்காஸ்ட்டுக்கு மாதச் சந்தா போல ஒரு தொகை பேசிக்கொள்வது இருவருக்கும் வசதி. கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் தகும், ஏனென்றால் புது ஆள் தேடும் நேரம் மிச்சம். பயன்படுத்தாத எபிசோடு அடுத்த மாதத்துக்குச் சேராது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

லைவ் சவுண்டுக்கும் படப்பிடிப்பு ஆடியோவுக்கும் நாள்கூலிதான், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நாள் என்றால் எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் என்ன, பயணமும் சாப்பாடும் யார் பொறுப்பு, உங்கள் மைக்கும் மிக்ஸரும் கொண்டுவந்தால் அதற்குத் தனி வாடகை என்ன என்பது நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். கச்சேரி இரண்டு மணி நேரம்தானே என்பவருக்கு ஸ்பீக்கர் இறக்குவதும் சவுண்ட் செக்கும் திரும்ப ஏற்றுவதும் கண்ணில் படாது.

கூலியா, பங்கா?

‘இப்போது காசில்லை, பாட்டு ஹிட்டானால் பங்கு தருகிறோம்.’ இதைக் கேட்காத இன்ஜினியர் இருக்க முடியாது.

இந்த விஷயத்தில் அமெரிக்க ரெக்கார்டிங் இன்ஜினியர் ஸ்டீவ் ஆல்பினியின் நிலை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததே. நிர்வாணா இசைக்குழுவின் ஆல்பத்தைப் பதிவு செய்யும் முன் 1992-இல் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு ராயல்டி வேண்டாம், குழாய் வேலை செய்பவருக்குக் கொடுப்பதுபோல் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றார். உலகமே காத்திருந்த ஆல்பம் அது, பங்கு வாங்கியிருந்தால் எக்கச்சக்கம் வந்திருக்கும் என்று தெரிந்தே சொன்னார். அவருடையது கொள்கை. உங்களுக்கும் எனக்கும் வரும் பங்குப் பேச்சு அப்படிப்பட்ட ஆல்பத்துக்கு வருவதில்லை, அதனால் கொள்கை வரைக்கும் போகவே வேண்டாம், கணக்கே போதும்: பெரும்பாலான பாட்டுகளின் ராயல்டி ஒரு மிக்ஸின் கூலியை எட்டுவதில்லை.

பங்கு வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. அடிமட்டக் கூலி முழுசாகக் கைக்கு வந்து, அதற்கு மேல் பங்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். அப்போதும் வாய்ப்பேச்சு செல்லாது. அமெரிக்காவில் 2018-இல் வந்த இசை நவீனமாக்கல் சட்டம், தயாரிப்பாளர், மிக்ஸர், சவுண்ட் இன்ஜினியர் ஆகியோருக்கும் டிஜிட்டல் ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு வழியாகப் பங்கு நேரடியாகப் போய்ச் சேரும் வழியைச் சட்டமாக்கியது. அங்கேயும் பெரும்பாலும் கலைஞர் தன் பங்கிலிருந்து கொடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தால்தான் நடக்கும். எத்தனை சதவீதம், எந்த வருமானத்தில், யார் கணக்குக் காட்டுவது என்று தாளில் இல்லாத பங்கு, பங்கே இல்லை. அது நீங்கள் கொடுத்த தள்ளுபடியேதான்.

ஆள் எங்கே கிடைப்பார்?

மூன்று வழி: இணையச் சந்தை, தெரிந்தவர் சொல்லி வருவது, நாமே போய்க் கேட்பது.

சந்தைத் தளத்தின் பலம், யாரையும் தெரியாவிட்டாலும் முதல் வேலை கிடைக்கும், பணத்தைத் தளம் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். பலவீனம், அங்கே தேடுபவர் விலையை வரிசைப்படுத்திப் பார்க்கிறார். ஃபைவர் என்ற தளம் விற்பவரின் வருமானத்தில் 20% எடுத்துக்கொள்கிறது. அதைச் சேர்க்காமல் ரேட் போட்டால் அடிமட்டக் கூலியில் ஓட்டை. அங்கே சேர்த்த நட்சத்திரங்களும் உங்களோடு வராது. சவுண்ட்பெட்டர் தளத்தை 2019-இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது, 2021-இல் அதை நிறுவியவர்களிடமே திருப்பி விற்றது. தளம் கைமாறுவதை உங்களிடம் யாரும் கேட்டுச் செய்யப்போவதில்லை. சந்தை, கை பழகவும் காட்ட நாலு வேலை சேரவும் நல்ல இடம். முழுப் பிழைப்பையும் அங்கே கட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தெரிந்தவர் சொல்லி வரும் கிளையன்ட் எல்லா விதத்திலும் மேல். பேரம் குறைவு, நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது. ஒரே தொல்லை, சொல்லி அனுப்பியவருக்கு என்ன ரேட் என்பதும் கூடவே வந்துவிடும். ‘அவனுக்கு இவ்வளவுக்குச் செய்தீர்களாமே!’ ஆகவே நண்பருக்குக் குறைத்துக் கொடுப்பதாக இருந்தால் பில்லில் முழு ரேட்டையும் போட்டு, கீழே தள்ளுபடியைத் தனி வரியாகக் காட்டுங்கள். பரவுகிற எண் சரியான எண்ணாக இருக்கும். வேலை கொண்டுவருபவர் எப்போதும் கிளையன்டாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கை நிறைய வேலை வைத்திருக்கும் இன்ஜினியர், குறும்பட எடிட்டர், வாத்தியம் சொல்லித்தரும் ஆசிரியர் என்று, வேலையைக் கைமாற்றிவிட ஆள் தேடுபவர்கள்தான் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள்.

நாமே போய்க் கேட்பதில் பெரும்பாலும் பதில் வராது. வர வேண்டுமென்றால் கடிதம் ஆளைப் பற்றி இருக்க வேண்டும். ‘நான் மிக்ஸிங், மாஸ்டரிங் செய்வேன்’ என்பதை யாரும் படிப்பதில்லை. ‘உங்கள் கடைசி எபிசோடில் விருந்தினர் குரல் உங்கள் குரலைவிடத் தணிந்து இருக்கிறது, 12-வது நிமிடத்திலிருந்து ஃபேன் சத்தம். ஒரு நிமிடத்தைச் சரி செய்து இணைத்திருக்கிறேன்’ என்றால் கேட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் வரை இலவசம் சரி. முழுப் பாட்டையும் இலவசமாக மிக்ஸ் செய்து காட்டச் சொல்பவருக்கு வேண்டாம். அவரே ஐந்து பேரிடம் அதையே கேட்டிருப்பார். அரை ரேட்டில் ஒரு பாட்டு செய்து தருகிறேன், வேலை தொடர்ந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையாகவே வேலை வைத்திருப்பவர் ஒத்துக்கொள்வார்.

நல்ல கிளையன்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பட்ஜெட் பெரிதா சிறிதா என்பது பெரிய அடையாளமில்லை. ‘இது மாதிரி வேண்டும்’ என்று காட்டும் ரெஃபரன்ஸ் பாட்டு கேட்டால் ஒன்றிரண்டு அனுப்புகிறாரா, இல்லை ஒன்றுக்கொன்று ஒட்டாத பத்து அனுப்புகிறாரா? முடிவு எடுப்பவர் யார் என்ற கேள்விக்கு ஒரு பெயர் வருகிறதா? வெளியீட்டுத் தேதி இருக்கிறதா? தேதி உள்ளவர் பெரும்பாலும் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். தேதி இல்லாதவர் மாதக்கணக்கில் ஸ்னேர் டிரம்மின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார். இன்னொன்று, முன்பு செய்த இன்ஜினியரை விடாமல் குறை சொல்பவர். நாளை அந்த இடத்தில் நீங்கள்.

அட்வான்ஸ் பாதி, மீதி வந்த பிறகு முழுத் தர ஃபைல் என்பது எந்த வழியில் வந்தவருக்கும் பொருந்தும். நடுவில் கேட்டுப் பார்க்க எம்பி3 போதும். ஸ்டெம்களும் (குரல், டிரம் என்று பிரித்துத் தரும் ஃபைல்கள்) மிக்ஸ் செய்த செஷன் ஃபைலும் வேண்டுமென்றால் அதற்குத் தனி ரேட், கேட்கும்போது இல்லை, தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ரேட் ஏற்றுவதிலும் இரண்டு வழி உண்டு. எல்லாருக்கும் ஒரே நாளில் ஏற்றுவது, அல்லது புதிதாக வருபவர்களுக்கு மட்டும் முதலில் ஏற்றுவது. இரண்டாவதுதான் பாதுகாப்பு. புதியவர்கள் மூன்று பேர் வாய் பேசாமல் ஒத்துக்கொண்டால் அந்த ரேட் இன்னும் குறைவு என்று அர்த்தம். அப்புறம் பழையவர்களுக்கு இரண்டு மாதம் முன்னதாக எழுதிவிட்டு ஏற்றலாம். பாதியில் நிற்கும் ஆல்பத்துக்கு மட்டும் பழைய ரேட்டே, பதிவாகாத பாட்டுகளுக்கும் சேர்த்து.