காந்தாரத்துக்காக வாங்கிய கீபோர்டு, கழுத்தறுத்தது பஞ்சமம்

போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு 61 கீ கீபோர்டு வாங்கினேன். கொஞ்சம் திட்டப் போகிறேன், அதனால் கம்பெனி பெயர் வேண்டாம். வாங்கியதே மெனுவில் எங்கேயோ ஒளிந்திருக்கும் 'ஸ்கேல் டியூன்' வசதிக்காகத்தான். ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் (வழக்கமான கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீக்கு நடுவே நூறு சென்ட்) ஏற்றி இறக்கலாம், ஈக்வல் (எல்லாக் கீக்கும் சம இடைவெளி, வழக்கமானது), ப்யூர் மேஜர் (சுத்தமான விகிதங்கள்), பித்தகோரியன், மீன்டோன் என்ற சுருதி முறைகள் எல்லாம் ரெடியாகவும் இருக்கின்றன.

முதல் வேலையாக 1 கட்டையில் ('சி' கீதான் ஸ) ஸ, அந்தர காந்தாரம் ('இ' கீ) இரண்டையும் சேர்த்து அழுத்தினேன், ஆர்கன் டோனில். (பியானோ டோனில் பார்க்காதீர்கள், சத்தம் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஒன்றும் பிடிபடாது.) தம்புராவில் தானாகவே எழும் காந்தாரம் ஸவின் அதிர்வெண்ணில் 5/4 மடங்கு, அதாவது ஸவிலிருந்து 386 சென்ட். ஈக்வலில் அது 400. பதினாலு சென்ட்தானே என்று தோன்றும், ஆனால் நடு ஸ்தாயியில் நொடிக்குப் பத்துத் தடவை வ்வ்வ் என்று ஒரு உதறல், ப்யூர் மேஜருக்கு மாற்றியதும் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை யாரோ அணைத்த மாதிரி அது அடங்கிவிடுகிறது. பித்தகோரியன் இன்னும் மோசம், 408 சென்ட், உதறல் பதினாறு. பஞ்சமத்தில் இந்தத் தொல்லை கிடையாது, ஈக்வல் 700, சுத்தமானது 702, அவ்வளவுதான்.

மீன்டோனில் காந்தாரம் அருமை. அப்புறம் ஜி ஷார்ப்பையும் இ ஃப்ளாட்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்: பஞ்சமமாக 702இல் நிற்க வேண்டியது 738 சென்ட், ஒரே ஊளை! ஐரோப்பாவில் இதற்கு ஓநாய் என்றே பெயர், சும்மா வைக்கவில்லை.

இப்போது திட்டு. நான் பாடுவது 2 கட்டை, அதாவது 'டி'தான் ஸ. ப்யூர் மேஜரில் ஆதாரம் 'சி' என்றே இருக்கும், அதை 'டி'க்கு மாற்றாமல் வாசித்தால் ப 702க்குப் பதில் 680இல் போய் நிற்கும். எனக்கு அது தெரியாமல் ஒரு வாரம் என் காதைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகும் நிம்மதி இல்லை, ஸ்விட்சை அணைத்தால் மறுபடி 'சி', மறுபடி ஈக்வல். சேமிக்க வழியே வைக்கவில்லை, மேனுவலில் இதைப் பற்றி அரைப் பக்கம்கூட இல்லை.

கமகம் வேண்டுமென்றால் இது உதவாது, சுருதியில் வரும் இந்த நுணுக்கமான வித்தியாசங்களைக் காதால் பழக நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நான் மேல்மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'டி மாத்தினியா?'