நாயோடு டிஸ்க்: தூர வீச்சா, பிரீஸ்டைலா?

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாய் இல்லாத லய வீடு ஏது? காலையில் ஆட்களோடு மலைக்கு ஏறி, கொழுந்து நிறுக்கும்போது மடுவத்தடிக்கு இறங்கி வரும் நாய்களுக்கு ஓடக் கற்றுத்தர வேண்டியதில்லை. பறக்கும் டிஸ்க்கை நாய் ஓடிப் பிடிக்கும் விளையாட்டை நம் பிள்ளைகள் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எதில் தொடங்குவது என்பதில்தான் குழப்பம். தூர வீச்சு, பிரீஸ்டைல் என்று இரண்டு வழி இருக்கிறது.

தூர வீச்சுக்கு ஒரே டிஸ்க் போதும். நேரம் ஒரு நிமிடம், சில போட்டிகளில் ஒன்றரை. கோட்டுக்குப் பின்னால் நின்று எறிகிறோம், நாய் பிடித்துக் கொண்டுவருகிறது, மறுபடி எறிகிறோம். எவ்வளவு தூரத்தில் பிடித்ததோ அதற்கேற்ப புள்ளி. நான்கு காலும் தரையை விட்டு எழும்பிப் பிடித்தால் பல போட்டிகளில் அரைப் புள்ளி கூடுதல். பிரீஸ்டைலில் பாட்டு ஒலிக்கும், கையில் பல டிஸ்க் இருக்கும். நாய் எறிபவரின் காலைத் தாண்டும், அவர் முதுகில் ஏறிப் பாயும், நடுவர்கள் பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

வீடியோவில் பார்த்தால் பிரீஸ்டைல்தான் மனதைப் பறிக்கும். ஆனாலும் என் ஓட்டு தூர வீச்சுக்கே. முதல் காரணம் கூட்டாளிகள். நாலு பேரும் இரண்டு நாயும் இருந்தால் ஒருவர் எறியலாம், ஒருவர் அடுத்த நாயைப் பிடித்துக்கொள்ளலாம், ஒருவர் நேரம் பார்க்கலாம், இன்னொருவர் மண் நிரப்பிய போத்தல்களை வைத்து தூரம் குறிக்கலாம். பிரீஸ்டைல் ஒருவருக்கும் அவருடைய நாய்க்கும் இடையிலான பழக்கம். தொடக்கத்தில் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

இரண்டாவது காரணம் நாயின் உடம்பு. அதுதான் எனக்குப் பெரிது. டிஸ்க் உயரத்தில் மிதந்து நின்றால் நாய் அதற்கு நேர் கீழே நின்று செங்குத்தாக எழும்பும், இடுப்பு முறுகப் பின்னங்கால்களில் இறங்கும். முழங்காலும் முதுகும் கெடுவது அப்படித்தான். தட்டையாக, தாழ்வாக, நாய்க்கு முன்னால் போகும்படி எறிந்தால் ஓடுகிற ஓட்டத்திலேயே பிடித்து, முன்னங்கால் ஊன்றி இறங்கும். தூர வீச்சில் இந்த எறிதான் முதல் பாடம். பிரீஸ்டைலில் கிட்டத்திலிருந்து தூக்கிப் போட்டு எழும்ப வைக்கும் ஆசை தானாக வந்துவிடும். அதனால் நாய் இல்லாமல், கூட்டாளிகளுக்குள்ளேயே சில வாரம் எறிந்து பழகுங்கள். ஒன்றரை வயதாகாத குட்டிக்கு எலும்பு முற்றாது, தரையில் உருட்டி விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உலகமே இந்த விளையாட்டைக் கவனித்தது 1974 ஆகஸ்டில். லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர் ஸ்டேடியத்தில் பேஸ்போல் ஆட்டத்தின் நடுவே அலெக்ஸ் ஸ்டைன் என்ற இளைஞர் ஆஷ்லி விப்பெட் என்ற தன் நாயோடு உள்ளே புகுந்து டிஸ்க் எறிந்தார். விப்பெட் ஒட்டிய வயிறும் நீண்ட காலும் உள்ள இனம். நம் நாட்டு நாய்களில் பலவும் அந்த வாகுதான், போர்டர் கொலி போன்ற வெளிநாட்டு இன நாய் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

டிஸ்க் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு பல் பட்டதும் வெடிக்கும், வெடித்த விளிம்பு நாக்கையும் ஈறையும் கிழிக்கும். மனிதர் அணி சேர்ந்து ஆடும் அல்டிமேட் என்ற டிஸ்க் விளையாட்டின் 175 கிராம் டிஸ்க் கடினம், பாரம், நாய்க்கு ஆகாது. துணி டிஸ்க் வாய்க்கு இதமானது, குட்டிக்கு நல்லது. ஆனால் நம் தூறலில் தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும், தூரம் போகாது. நாய்க்கென்றே செய்யப்பட்ட, சுமார் 110 கிராம் எடையுள்ள மென்மையான பிளாஸ்டிக்தான் மலைக்குச் சரி. ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். ஒன்று வாயில் இருக்கும்போது மற்றதைக் காட்டினால் நாய் உங்களிடம் ஓடிவரும். பிற்பாடு பிரீஸ்டைலுக்கும் அதுவே அத்திவாரம். விளிம்பில் பல் கீறல் சொரசொரத்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், வெடிப்பு விட்டால் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இடம் என்றால் தோட்டத்து மைதானம்தான். மலைச் சரிவில் வேண்டவே வேண்டாம், தண்ணீர்க் கானும் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய கூர்க்குச்சியும் ஓடுகிற நாயின் கண்ணுக்குத் தெரியாது. நுவரெலியா கிரகரி வாவிக் கரை அழகுதான். ஆனால் ஏப்ரல் சீசனில் அங்கே சனமும் குதிரையும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த நாட்களில் நனைந்த புல் சறுக்கும், எழும்பல் வேண்டாம், உருட்டல் மட்டும். விளையாடி முடிந்ததும் விரலிடுக்கில் அட்டையும் காது மடலுக்குள் உண்ணியும் பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் நாயைச் சாய்த்துவிடும். பல நாய் கூடுகிற இடம் என்பதால் விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாயைச் சேர்க்கவே கூடாது.

பிரீஸ்டைலை ஒதுக்கச் சொல்லவில்லை. கூட்டாளிகள் கிடைக்காமல், சொன்னபடி கேட்கும் வளர்ந்த நாயோடு தனியாக இருப்பவருக்கு அது நல்ல துணை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, அதைத் தாண்டிப் பிடிக்க வைப்பதிலிருந்து தொடங்கலாம். முதுகில் ஏறிப் பாய்வதை மட்டும், மிருக வைத்தியர் இடுப்பையும் முழங்காலையும் பார்த்துச் சரி சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.