மெலனோமா, சிறுநீரகப் புற்றுநோய்: மாத்திரை முதலிலா, டிரிப் முதலிலா?

மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) உடம்பில் பரவிவிட்டது, கட்டியில் பி-ராஃப் மரபணு மாற்றமும் இருக்கிறது (ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும்) என்றால் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, அந்த மாற்றம் தூண்டிவிடும் வளர்ச்சியைத் தடுக்கும் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் மாத்திரைகள். வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம், பலருக்குக் கட்டி மளமளவென்று சுருங்கும். மற்றொன்று நிவோலுமாப்பும் இபிலிமுமாப்பும் சேர்ந்த இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோயோடு மோதவிடும் சிகிச்சை. டிரிப்பில் ஏற்ற வேண்டும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும். குடல், கல்லீரல், தைராய்டு என்று எங்கே வேண்டுமானாலும். இவ்வளவு கேட்டால் யாருமே மாத்திரையைத்தான் எடுப்பார்கள்.

அதை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தது ட்ரீம்சீக் ஆய்வு. தலைமை அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் லொம்பார்டி புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த மைக்கேல் அட்கின்ஸ். மெலனோமா, சிறுநீரகப் புற்றுநோய் இரண்டிலும் பல காலமாக ஊறியவர். 265 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு முதலில் மாத்திரை, மற்றதற்கு முதலில் டிரிப், நோய் மீண்டும் வளர்ந்தால் அடுத்ததற்கு மாறலாம். முதல் சில மாதங்கள் மாத்திரை அணிதான் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஏறக்குறைய பத்தாவது மாதத்தில், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் இரண்டு அணிகளின் கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொண்டன. இரண்டு ஆண்டு முடிவில் டிரிப்பில் தொடங்கியவர்களில் 72 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மாத்திரையில் தொடங்கியவர்களில் 52 சதவீதம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: டிரிப்புக்குப் பிறகு மாத்திரைக்கு வந்தால் அது முதலில் கொடுத்த மாதிரியே வேலை செய்தது, ஆனால் மாத்திரைக்குப் பிறகு டிரிப்புக்கு வந்தவர்களில் அது பலன் தந்தது குறைவான பேருக்குத்தான். அதனால் "மாத்திரை கைவிட்டால் அப்புறம் இம்யூனோதெரபி பார்த்துக்கலாம்" என்பது தப்புக் கணக்கு. ஆனால் ஒரு விஷயம், ஆய்வில் சேர்ந்தவர்கள் ஓரளவு நடமாடும் நிலையில் இருந்தவர்கள். படுத்த படுக்கையாக, நாளுக்கு நாள் மோசமாகிறவருக்கு மாத்திரையின் அந்த வேகம் இன்னும் தேவைப்படலாம்.

சரி, இந்த விஷயத்தை அட்கின்ஸ் ஏன் தூக்கிப் பிடித்தார் என்றால் அவர் பழைய இன்டர்லூகின்-2 (எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடும் ஆரம்பகால இம்யூனோதெரபி மருந்து) காலத்து ஆள். அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க் தொடங்கிவைத்த அந்தச் சிகிச்சைக்கு 1992-ல் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் 1998-ல் மெலனோமாவுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு டோஸ், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 14. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு வீங்கும், ரத்த அழுத்தம் விழும், ஐசியு தரத்தில் கவனிப்பு வேண்டும். 1999-ல் அட்கின்ஸ் குழு வெளியிட்ட கணக்கில் 270 மெலனோமா நோயாளிகளில் 16 சதவீதம் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஆனால் முழுசாக மறைந்த 6 சதவீதத்தில் பலர் எந்த மருந்தும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர், சுருங்கும் வேகத்தை வைத்து மயங்க மாட்டார். இன்றைக்கு அந்த மருந்தை நிவோலுமாப்-இபிலிமுமாப்புடன் ஒப்பிடுவதே வீண். இந்த ஜோடி மருந்து எடுத்த மெலனோமா நோயாளிகளில் பத்து ஆண்டு கழித்தும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

சிறுநீரகத்தில் போட்டி வேறு மாதிரி. இங்கே பி-ராஃப் பேச்சு இல்லை. பொதுவான வகையில் விஹெச்எல் மரபணு கெட்டுப்போவதால் கட்டி புதுப்புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது, சுனிடினிப், ஆக்சிடினிப் போன்ற மாத்திரைகள் அந்தக் குழாய்களைத்தான் குறிவைக்கின்றன. எனவே மாத்திரையும் இம்யூனோதெரபியும் எதிரிகளாக இருக்க வேண்டியதில்லை, பெம்ப்ரோலிசுமாப்-ஆக்சிடினிப் கூட்டு 2019-லேயே அனுமதி வாங்கிவிட்டது. நிவோலுமாப்-இபிலிமுமாப் இங்கேயும் உண்டு, ஆனால் அளவு தலைகீழ்: மெலனோமாவில் கிலோவுக்கு இபிலிமுமாப் 3 மில்லிகிராம், நிவோலுமாப் 1, சிறுநீரகத்தில் இபிலிமுமாப் 1, நிவோலுமாப் 3. பக்கவிளைவு அதிகம் கிளப்புவது இபிலிமுமாப்தான் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இந்த இரண்டு கூட்டையும் தனித்தனியாகச் சுனிடினிப்புடன்தான் மோதவிட்டார்கள், அதனால் எது மேல் என்று ட்ரீம்சீக் மாதிரி அடித்துச் சொல்ல முடியாது. நோய் வேகமாக வளர்கிறது, வலி, எடை இழப்பு எல்லாம் இருக்கிறது என்றால் நான் ஆக்சிடினிப் கூட்டின் பக்கம். கட்டி உடனே சுருங்கியாக வேண்டும். கொஞ்சம் அவகாசம் இருந்தால் இபிலிமுமாப் கூட்டு. இபிலிமுமாப் நாலு டோஸோடு முடிந்துவிடும், பலன் பிடித்தவர்களில் சிலர் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு நன்றாக இருக்கிறார்கள். ஆக்சிடினிப் கூட்டில் மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை தொடர வேண்டும், உயர் ரத்த அழுத்தமும் வயிற்றுப்போக்கும் கூடவே வரும். மருந்தே இல்லாமல் எத்தனை மாதம் வாழ்ந்தார்கள் என்பதையும் ஆய்வுகளில் அளக்க வேண்டும் என்று அட்கின்ஸும் அவருடைய கூட்டாளிகளும் வலியுறுத்துவது இதனால்தான்.